ஃபேன்டசி ரக்பி லீக்: இந்த வாரம் யாரை மாற்றுவது? வாசகர் கேள்வி – பதில்

நிஜ வீரர்களைக் கொண்டு கற்பனை அணி அமைத்து, அவர்கள் ஆடும் ஆட்டத்துக்கேற்பப் புள்ளிகள் சேர்ப்பதே ஃபேன்டசி விளையாட்டு. அதற்கு அடிப்படையான என்ஆர்எல் (ஆஸ்திரேலியாவின் முதன்மை ரக்பி லீக் போட்டி) பருவம் பாதியை நெருங்குகிறது. இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே கவலையைத்தான் சொல்கின்றன: கையிருப்பில் உள்ள டிரேடுகள் (ஒரு வீரரை விற்று இன்னொருவரை வாங்கும் வாய்ப்புகள்) குறைகின்றன, ஆனால் மாற்ற வேண்டும் என்று தோன்றும் வீரர்களின் எண்ணிக்கை வாரா வாரம் கூடுகிறது. அதனால் வீரர்களின் நிலையை எப்படி எடைபோடுவது என்பதைச் சொல்லும் கேள்விகளையே இந்த இதழில் முதலில் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: ஐயா, சென்ற வாரம் ஒரே ஆட்டத்தில் மூன்று டிரை (எதிரணியின் கோட்டுக்கு அப்பால் பந்தை ஊன்றுவது) அடித்த விங்கர் (ஓர ஆட்டக்காரர்) ஒருவரை எங்கள் ஃபேன்டசி லீக்கில் எல்லோரும் வாங்குகிறார்கள். சூப்பர்கோச் என்ற ஃபேன்டசி விளையாட்டில் அவர் 95 புள்ளிகள் எடுத்தார். நானும் ஒரு டிரேடைச் செலவழித்து அவரை எடுக்கலாமா? — வாசகர், பென்டில் ஹில்

பதில்: எடுக்க வேண்டாம் என்பதே என் கருத்து. காரணத்தை அந்த 95 புள்ளிகளைப் பிரித்துப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். சூப்பர்கோச்சில் ஒரு டிரைக்கு 17 புள்ளிகள், எதிரணியின் தற்காப்பு வரிசையை உடைத்து ஓடும் லைன் பிரேக்குக்கு 10 புள்ளிகள். மூன்று டிரைக்கு 51, இரண்டு லைன் பிரேக் என்று வைத்துக்கொண்டால் 20, ஆக 71 புள்ளிகள் அந்த ஒரு நாளின் வாய்ப்பினால் வந்தவை. எஞ்சிய 24 புள்ளிகள்தான் அவர் ஓடியும் டேக்கிள் செய்தும் (எதிரணி வீரரைப் பிடித்துத் தடுத்தும்) உழைத்துச் சேர்த்தவை. அடுத்த வாரம் பந்து அவருடைய பக்கம் வராவிட்டால் உங்களுக்குக் கிடைக்கப்போவது ஏறத்தாழ அந்த 24 மட்டுமே.

இதற்கு எதிரே, 13ஆம் எண் சட்டை அணிந்து 80 நிமிடமும் களத்தில் நிற்கும் ஒரு லாக்கை (முன்கள வீரரை) எண்ணிப் பாருங்கள். அவர் 40 டேக்கிள்கள் செய்து, 8 மீட்டருக்கு மேல் 14 முறை பந்தைச் சுமந்து ஓடினால், டேக்கிளுக்கு ஒன்று, அத்தகைய ஓட்டத்துக்கு இரண்டு என்ற கணக்கில் 68 புள்ளிகள் வந்துவிடும். அதில் ஒரு டிரைகூட இல்லை, மழை பெய்தாலும் அணி தோற்றாலும் அந்த உழைப்பு பெரிதாகக் குறைவதில்லை. சொல்லப்போனால், தோற்கும் அணி பந்து இல்லாமல் தடுத்துக்கொண்டே இருப்பதால் அவருடைய டேக்கிள் எண்ணிக்கை கூடவே செய்யும்.

ஆகவே எந்த வீரரானாலும், டிரையையும் லைன் பிரேக்கையும் டிரைக்கு வழிவகுத்த பாஸ்களையும் கழித்துவிட்டு மீதியைப் பாருங்கள். கடந்த மூன்று ஆட்டங்களிலும் அந்த மீதி ஒரே அளவில் நின்றால் அதுவே அவருடைய உண்மையான நிலை. மீதி 20க்கும் 25க்கும் இடையில் இருக்கும் விங்கரை, அவருக்குப் பந்து கொடுக்கும் ஹாஃப்பேக் (ஆட்டத்தை வழிநடத்துபவர்) நலமாக ஆடுகிறாரா, அடுத்த மூன்று எதிரணிகள் அந்தப் பக்கத்தில் பலவீனமானவையா என்ற இரண்டு கேள்விகளுக்கும் ஆம் என்று விடை வந்தால் மட்டுமே யோசிக்கலாம்.

நீங்கள் என்ஆர்எல்லின் அதிகாரப்பூர்வ ஃபேன்டசி விளையாட்டையும் ஆடுவதாக எழுதியிருக்கிறீர்கள். அங்கே ஒரு டிரைக்கு 4 புள்ளிகள்தான், டேக்கிளுக்கு ஒன்று, தவறவிட்ட டேக்கிளுக்கு இரண்டு புள்ளிகள் கழிவு. அந்த விளையாட்டில் டிரை அடிப்பவரைத் துரத்துவதில் இன்னும் குறைவான பயனே உண்டு. ஒரே வீரர் இரண்டு விளையாட்டுகளிலும் வேறு வேறு மதிப்புடையவர் என்பதால், ஒன்றுக்கு எழுதப்பட்ட ஆலோசனையை மற்றொன்றில் அப்படியே பின்பற்றக் கூடாது.

கேள்வி: பிரேக் ஈவன் என்று எல்லோரும் பேசிக்கொள்கிறார்கள். மலிவு விலை வீரர் ஒருவரை வைத்திருக்கிறேன். அவரை எப்போது விற்பது என்று தெரியவில்லை. — கல்லூரி மாணவி, பிளாக்டவுன்

பதில்: ஒரு வீரரின் விலை ஏறாமலும் இறங்காமலும் நிற்பதற்கு அடுத்த ஆட்டத்தில் அவர் எடுக்க வேண்டிய புள்ளியே பிரேக் ஈவன். அதற்கு மேல் எடுத்தால் விலை ஏறும், கீழே போனால் இறங்கும். சூப்பர்கோச்சில் ஒரு வீரர் மூன்று ஆட்டங்கள் ஆடி முடித்த பிறகே அவருடைய விலை முதன்முறையாக அசையும். அதன் பிறகு கடைசி மூன்று ஆட்டங்களின் சராசரியை நோக்கி, ஒரேயடியாகப் பாய்ந்துவிடாமல், பழைய விலையிலிருந்து படிப்படியாக நகர்ந்துகொண்டே இருக்கும்.

இதில் கவனிக்க வேண்டியது, புதிய புள்ளி ஒன்று உள்ளே வரும்போது பழைய புள்ளி ஒன்று வெளியேறுகிறது என்பது. உங்கள் வீரர் முதல் மூன்று ஆட்டங்களில் 20, 60, 70 என்று எடுத்திருந்தால் சராசரி 50. நான்காவது ஆட்டத்தில் அவர் 55 மட்டுமே எடுத்தாலும், அந்த 20 கணக்கிலிருந்து போய்விடுவதால் சராசரி ஏறத்தாழ 62 ஆகிவிடும். விலை நன்றாக ஏறும். ஐந்தாவது ஆட்டத்தில் 40 எடுத்தால் 60 வெளியேறி, சராசரி 55க்கு வந்துவிடும். ஆறாவதில் 70 வெளியேறப்போகிறது. அதனால் சென்ற வாரம் நன்றாக ஆடினாரா என்று பார்ப்பதைவிட, அடுத்ததாக எந்தப் புள்ளி வெளியேறப்போகிறது என்று பார்ப்பதே விற்பனைக்கான நேரத்தைச் சரியாகச் சொல்லும். பெரிய புள்ளி ஒன்று வெளியேறும் தறுவாயில், பிரேக் ஈவன் அவருடைய வழக்கமான புள்ளியைத் தாண்டி நிற்கும்போது, விற்றுவிடுங்கள்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. மலிவு வீரரை விற்று இன்னொரு மலிவு வீரரை வாங்குவதற்கு ஒரு டிரேடைச் செலவழிப்பது பெரும்பாலும் வீண். மலிவு வீரர்கள் இருவரின் விலையேற்றத்தைச் சேர்த்து ஒரு முதல்தர வீரரை வாங்கும்போதுதான் அந்த டிரேடுகளுக்குப் பலன் கிடைக்கிறது. இந்த மலிவு வீரர் தம் அணியில் இடத்தை இழக்காதவரை, முதல்தர வீரருக்குப் போதுமான பணம் சேரும்வரை ஒரு வாரம் கூடுதலாக வைத்திருப்பதில் தவறில்லை.

கேள்வி: நான் வைத்திருக்கும் விலை உயர்ந்த ப்ராப் (முன்வரிசை வீரர்) இரண்டு வாரங்களாகக் குறைந்த புள்ளிகளே எடுக்கிறார், விலையும் சரிகிறது. மேலும் சரிவதற்குள் விற்றுவிடலாமா? — வாசகர், வுல்லங்காங்

பதில்: புள்ளி குறைந்ததற்கு முன் நிமிடங்கள் குறைந்தனவா என்று பாருங்கள். குறைந்திருந்தால் காரணத்தைத் தேடுங்கள். அணி முப்பது புள்ளிகள் முன்னிலையில் இருந்ததால் பயிற்சியாளர் அவரை முன்னதாகவே வெளியே எடுத்திருக்கலாம், தலையில் அடிபட்டதற்கான பரிசோதனைக்காக 15 நிமிடம் வெளியே இருந்திருக்கலாம், தவறுக்குத் தண்டனையாகச் சின் பின்னில் 10 நிமிடம் உட்கார்ந்திருக்கலாம். இவை மூன்றும் அந்த ஆட்டத்தோடு முடிந்துபோகிறவை. காயத்திலிருந்து திரும்பிய இன்னொரு ப்ராப்புடன் நிமிடங்களைப் பகிர்ந்துகொள்கிறார் என்றால் அது நீடிக்கும். அப்போது விற்பது சரி.

2016 முதல் ஓர் அணி ஓர் ஆட்டத்தில் எட்டு முறை மட்டுமே வீரர்களை மாற்றிக்கொள்ள முடியும். 2020இல், தடுக்கும் அணி தவறு செய்தால் பந்து வைத்திருக்கும் அணி தன் ஆறு டேக்கிள்களை மீண்டும் தொடங்கும் விதி வந்த பிறகு ஆட்டத்தின் வேகமும் கூடிவிட்டது. இந்தச் சூழலில் நீண்ட நேரம் களத்தில் தாக்குப்பிடிக்கும் பெரிய உடல்வாகு கொண்ட வீரர் மிக அரிது. ப்ராப் பெய்ன் ஹாஸ் இத்தனை ஆண்டுகளாக ஃபேன்டசி ஆடுவோரின் முதல் தேர்வாக இருந்து வருவதற்கு அவருடைய திறமையோடு அந்தத் தாக்குப்பிடிக்கும் வலிமையும் காரணம். அப்படிப்பட்டவரை விலைச் சரிவுக்குப் பயந்து விற்காதீர்கள். பருவ முடிவுவரை அவரை வைத்திருக்கப்போகிறீர்கள் என்றால் இடையில் விலை இறங்குவதால் உங்கள் புள்ளிகளில் ஒன்றுகூடக் குறைவதில்லை.

கேள்வி: ஓர் அணியின் முதன்மை ஹூக்கர் (9ஆம் எண் அணியும் முன்வரிசையின் நடு வீரர்) காயமடைந்ததால் மாற்று ஹூக்கர் 9ஆம் எண்ணில் ஆடப்போகிறார் என்று செய்தி. உடனே வாங்கட்டுமா? — வாசகர், டூங்காபி

பதில்: செவ்வாய்க்கிழமை மாலை 4 மணிவரை பொறுங்கள். அணிப் பட்டியல் வந்ததும் 9ஆம் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு மகிழ்ந்துவிடாமல், மாற்று வீரர்களின் முதல் எண்ணான 14இல் யார் இருக்கிறார் என்று பாருங்கள். அங்கே இன்னொரு ஹூக்கர் இருந்தால், உங்கள் ஆள் ஐம்பது அல்லது அறுபது நிமிடங்களில் வெளியேறக்கூடும்; அவருடைய டேக்கிள்களில் கால் பங்குக்கு மேல் அடுத்தவருக்குப் போய்விடும். 14இல் பின்வரிசை ஆட்டக்காரரோ முன்வரிசைக்காரரோ இருந்தால், அவர் 80 நிமிடமும் நிற்பதற்கான வாய்ப்பு மிக அதிகம். ஒரு ஹூக்கர் 80 நிமிடம் தடுத்தால் 40 டேக்கிள்களைத் தாண்டுவது சாதாரணம் என்பதால், இந்த ஒரு சட்டை எண்ணை வைத்தே வாங்கலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கலாம்.

பட்டியல் அத்துடன் முடிவதில்லை. ஆட்டத்துக்கு 24 மணி நேரத்துக்கு முன் அது சுருக்கப்படும், ஒரு மணி நேரத்துக்கு முன் இறுதியாகும். கூடுதல் வீரர்கள் வரிசையில் பெயரிடப்பட்ட ஒருவர் கடைசி நேரத்தில் உள்ளே வருவதும் உண்டு. ஆகையால் வியாழக்கிழமை ஆட்டத்துக்குத் தேவையில்லாத டிரேடுகளை வியாழனுக்கு முன் செய்யாதீர்கள்; ஒவ்வோர் ஆட்டமும் தொடங்கும்போது அந்த ஆட்டத்தின் வீரர்கள் மட்டுமே மாற்ற முடியாதபடி பூட்டப்படுகிறார்கள் என்பது உங்களுக்குச் சாதகமான விதி.

பொறுப்பு மாறும்போது ஒரு வீரரின் மதிப்பு எவ்வளவு மாறும் என்பதற்கு நிக்கோ ஹைன்ஸை மறக்க முடியாது. மெல்பர்ன் ஸ்டோர்மில் காயமடைந்தவர்களின் இடத்தை நிரப்பியும் மாற்று வீரராகவும் ஆடிக்கொண்டிருந்தவர், 2022இல் குரொனல்லா ஷார்க்ஸுக்கு வந்து ஹாஃப்பேக்காக அணியை வழிநடத்தி, அந்த ஆண்டின் சிறந்த வீரருக்கான டாலி எம் விருதையே வென்றார். முந்தைய பருவத்தின் சராசரியை மட்டும் பார்த்தவர்கள் அவரைத் தவறவிட்டார்கள். அவருக்குக் கிடைக்கப்போகும் பொறுப்பைப் பார்த்தவர்கள் தொடக்கத்திலேயே வாங்கிவைத்தார்கள்.

கேள்வி: என் ஃபுல்பேக் (பின்னால் நிற்கும் கடைசித் தற்காப்பாளர்) சனிக்கிழமை ஆட்டத்தில் தலையில் அடிபட்டு வெளியேறினார். டிரேட் செய்வதா, காத்திருப்பதா? — வாசகர், பிரிஸ்பேன்

பதில்: மூளை அதிர்ச்சி உறுதியானால், 2023 முதல் குறைந்தது 11 நாட்கள் ஆடக் கூடாது என்பது என்ஆர்எல்லின் விதி. சில நிபந்தனைகளின்பேரில் விலக்கு உண்டு என்றாலும் அதை நம்பித் திட்டமிட வேண்டாம். சனிக்கிழமை அடிபட்டவர் அடுத்த வார இறுதி ஆட்டத்தை இழப்பார், அதற்கடுத்த சுற்றுக்குத் தகுதி பெறுவார். வியாழக்கிழமை அடிபட்டவர்கூட, அடுத்த சுற்றின் ஞாயிறு ஆட்டம் பத்தாவது நாளிலேயே வந்துவிடுவதால், அதை இழந்தே தீர வேண்டும். அணிக்கு அடுத்த வாரம் ஆட்டமே இல்லாத ஓய்வுச் சுற்றாக இருந்தால் உங்களுக்கு இழப்பே இல்லை. முதலில் அட்டவணையைப் பாருங்கள்.

ஒரே ஓர் ஆட்டத்துக்காக முதல்தர ஃபுல்பேக்கை விற்றுவிட்டு, பின்னர் அவரை மீண்டும் வாங்கினால் இரண்டு டிரேடுகள் போய்விடும். வைத்திருங்கள். ஆனால் இதே பருவத்தில் அவருக்கு இது இரண்டாவது அல்லது மூன்றாவது முறை என்றால், மருத்துவர்கள் நீண்ட ஓய்வு சொல்லக்கூடும், சொல்வதுதான் சரியும்கூட. அவருடைய உடல்நலம் நம் புள்ளிப் பட்டியலைவிட எவ்வளவோ முக்கியமானது. அந்த நிலையில் திரும்பும் தேதியை ஊகிக்காமல் விற்றுவிடுங்கள்.

தொடைத் தசைக் காயம் வேறு வகை. சொன்ன தேதிக்கு இரண்டு வாரம் தாமதமாவது வழக்கம், திரும்பிய பின் மீண்டும் பிடித்துக்கொள்வதும் உண்டு. எனவே நான்கு வாரம் என்று சொன்னால் விற்பதே நல்லது. அதே வேளையில், அவர் திரும்பும் நாளைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். 2021இல் மேன்லியின் டாம் டிரபோயெவிச் தொடைத் தசைக் காயத்தால் பருவத்தின் தொடக்கச் சுற்றுகளை இழந்தார். திரும்பி வந்து அந்த ஆண்டின் டாலி எம் விருதை வென்றார். அவர் திரும்பிய முதல் வாரங்களில் வாங்கியவர்கள் பருவம் முழுவதும் பலன் பெற்றார்கள். முழங்கால் தசைநார் அறுந்துவிட்டது என்ற செய்தி வந்தால் யோசனையே வேண்டாம், அந்த வாரமே மாற்றுங்கள்.

கேள்வி: துணைக் கேப்டனை வைத்து ஏதோ உத்தி இருக்கிறதாமே? — வாசகர், ஆபர்ன்

பதில்: இருக்கிறது. கேப்டனின் புள்ளி இரட்டிப்பாகும், கேப்டன் ஆடாவிட்டால் அந்த இரட்டிப்பு துணைக் கேப்டனுக்குப் போகும். எனவே வியாழன் அல்லது வெள்ளி ஆடும் வலுவான வீரரைத் துணைக் கேப்டனாக வையுங்கள். அவர் மிகப் பெரிய புள்ளி எடுத்துவிட்டால், உங்கள் அணியில் உள்ள, அந்த வாரம் ஆடாத, இன்னும் பூட்டப்படாத ஒருவரைக் கேப்டனாக்குங்கள். எடுக்காவிட்டால் வழக்கமான கேப்டனோடு ஞாயிறுவரை போகலாம். ஆடாதவரின் இடத்தை நிரப்ப நல்ல மாற்று வீரர் உங்கள் பட்டியலில் இருந்தால் மட்டுமே இதைச் செய்யுங்கள்.

கேள்வி: ஆரிஜின் (இரு மாநிலங்கள் மோதும் தொடர்) காலம் வருகிறது. என் அணியில் பாதிப் பேர் நட்சத்திரங்கள். இப்போதே மாற்றத் தொடங்க வேண்டுமா? — வாசகர், ஆக்லாந்து

பதில்: ஆம், இப்போதே, ஆனால் மெதுவாக. 2023இல் டால்பின்ஸ் சேர்ந்த பிறகு அணிகள் 17 ஆகிவிட்டன. 27 சுற்றுகளில் ஒவ்வோர் அணிக்கும் 24 ஆட்டங்கள், மூன்று ஓய்வுச் சுற்றுகள். இந்த ஓய்வுகளில் பெரும்பகுதி ஆரிஜின் காலத்தைச் சுற்றியே குவிக்கப்படுகிறது. 1980இல் ஓர் ஆட்டமாகத் தொடங்கி 1982 முதல் மூன்று ஆட்டத் தொடராக நடந்துவரும் ஸ்டேட் ஆஃப் ஆரிஜின், குயின்ஸ்லாந்துக்கும் நியூ சவுத் வேல்ஸுக்கும் பெருமைக்குரிய போட்டி. நமக்கோ அது மூன்று சோதனைகளைத் தருகிறது. தேர்வான வீரர் ஆரிஜின் ஆட்டத்துக்கு முந்தைய வார இறுதியில் தம் கிளப்புக்கு ஆடமாட்டார், புதன்கிழமை இரவு ஆடிய களைப்பில் அடுத்த கிளப் ஆட்டத்திலும் ஓய்வு கொடுக்கப்படலாம் அல்லது குறைந்த நிமிடங்கள் ஆடலாம், காயமடையவும் கூடும்.

இதற்காக ஆரிஜின் வீரர்களை எல்லாம் விற்றுவிட வேண்டாம். ஹூக்கர் ஹாரி கிராண்ட், ப்ராப் ஹாஸ் போன்றவர்கள் ஓரிரு வாரங்கள் இல்லாமல் போனாலும் ஜூலைக்குப் பிறகு மீண்டும் அவர்கள்தான் தேவைப்படுவார்கள். விற்பதானால், ஆரிஜினுக்குத் தேர்வாகி, அதே நேரத்தில் கிளப் ஆட்டத்தில் நிமிடங்களும் குறைந்துவரும் நடுத்தர விலை வீரர்களை விற்கலாம். வாங்குவதானால், ஆரிஜின் தேர்வாளர்களின் பார்வையில் படாத, ஆனால் வாரா வாரம் 80 நிமிடம் ஆடும் உழைப்பாளிகளை வாங்குங்கள். எட்ஜ் எனப்படும் பின்வரிசையிலும் சென்டரிலும் அத்தகையவர்கள் எப்போதும் கிடைப்பார்கள். உங்கள் ஊர் வாரியர்ஸ் அணியில் ஆரிஜினில் ஆடாத நியூசிலாந்து வீரர்கள் பலர் இருப்பதால், அங்கேயும் தேடிப் பாருங்கள்.

முக்கியமான வேலை ஒன்று. ஒரு தாளில் ஆரிஜின் காலத்துச் சுற்றுகளை மேலே எழுதி, உங்கள் வீரர்கள் ஒவ்வொருவரும் எந்தச் சுற்றில் ஆடுவார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரு சுற்றில் பத்துப் பேருக்கும் குறைவாக இருந்தால் அந்த ஓட்டையை அடைக்கும் வீரரையே இந்த வாரமும் அடுத்த வாரமும் வாங்க வேண்டும். ஆரிஜின் அணி அறிவிக்கப்பட்ட அன்று எல்லோரும் ஓடிவந்து வாங்கும் வீரர்களை நீங்கள் அதற்கு முன்பே குறைந்த விலையில் எடுத்துவிடலாம்.

கேள்வி: பாராமட்டா ஈல்ஸ் என் உயிர். அணியில் ஆறு ஈல்ஸ் வீரர்கள் இருக்கிறார்கள். மகன் கேலி செய்கிறான். — வாசகர், வென்ட்வொர்த்வில்

பதில்: உங்கள் பற்று மதிக்கத்தக்கது. ஆயினும் ஈல்ஸுக்கு ஓய்வுச் சுற்று வரும் வாரத்தில் ஆறு இடங்களும் ஒரே நேரத்தில் காலியாகிவிடும். அதிக நிமிடங்கள் ஆடும் இருவரை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களைப் படிப்படியாக மாற்றுங்கள். எஞ்சிய நால்வருக்காகவும் காம்பேங்க் அரங்கத்தில் கைதட்டலாம்.

கேள்வி: எனக்கு மூன்று டிரேடுகளே மிச்சம். எங்கள் லீக்கின் இறுதிச் சுற்றுகள் ஆகஸ்டு கடைசியில் தொடங்குகின்றன. எப்படிச் செலவழிப்பது? — வாசகர், கேன்பரா

பதில்: காயத்துக்காக மட்டுமே செலவழியுங்கள். ஒருவர் நன்றாக ஆடவில்லை என்பதற்காக இனி ஒரு டிரேடும் கூடாது. ஆடாத வீரர் தருவது பூஜ்யம். மோசமாக ஆடும் முதல்தர வீரர்கூட ஓரளவு தருவார்.

இன்னொன்றையும் கணக்கில் கொள்ளுங்கள். வழக்கமான பருவத்தின் கடைசிச் சுற்றில், புள்ளிப் பட்டியலில் தம் இடத்தை உறுதி செய்துகொண்ட அணிகள், பிளேஆஃப் ஆட்டங்களுக்காக நட்சத்திரங்களுக்கு ஓய்வு கொடுப்பது உண்டு. உங்கள் லீக்கின் இறுதிப் போட்டி அந்தச் சுற்றிலேயே வருகிறதா என்று இன்றே பாருங்கள். வருகிறது என்றால், முதலிடத்தில் இருக்கும் அணியின் வீரர்களைவிட, பிளேஆஃபுக்குத் தகுதி தரும் எட்டாவது இடத்துக்காகக் கடைசி நாள்வரை போராடும் அணிகளின் வீரர்களே உங்களுக்கு அதிகம் உதவுவார்கள். அவர்களை வெளியே உட்காரவைக்க எந்தப் பயிற்சியாளருக்கும் துணிவு வராது. மூன்றில் ஒன்றை அந்தக் கடைசிச் சுற்றின் செவ்வாய்க்கிழமைவரை தொடாமல் வைத்திருங்கள். பட்டியல் வந்ததும் உங்கள் கேப்டனின் பெயர் அதில் இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். இல்லாவிட்டால் அந்த டிரேடை அவருக்காகவே செலவழியுங்கள்.